பரிசுக் கப்பலை எங்கே விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நடுப்பக்கம் முழுக்க உலகக் குளிர்காலக் கொண்டாட்டங்களைப் பற்றிப் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, சறுக்குவண்டி, எட்டு மான்கள், கீழே முழங்கால் அளவு பனி. அதற்கு மேலே கொட்டை எழுத்தில், 'டிசம்பர் 25: உலகமே பனியில் திளைக்கும் ஒரே நாள்!'

நான் 34 வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, சீஃப் எஞ்சினியராக ஓய்வு பெற்றவன். கல்யாணத்துக்கு அப்புறம் டிசம்பர் மாதத்தில் நான் வீட்டில் இருந்தது ஐந்தே தடவை. மற்ற டிசம்பர்களெல்லாம் ஏதாவது ஒரு துறைமுகத்தில், இல்லையென்றால் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் கழிந்தன. உங்கள் பக்கத்தைச் சத்தமாக வாசித்து முடித்த என் மனைவி, பீரோவிலிருந்து என் போட்டோ டப்பாவை எடுத்துவந்து மேசையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இவ்வளவு போட்டோவுல ஒண்ணுலகூட மான் இல்லை, வண்டி இல்லை. டிசம்பர் மாசம் நீங்க உண்மையிலேயே எங்கேதான் இருந்தீங்க?"

சரி, பதிலை அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் பார்த்தவரையில், பரிசு கொண்டுவரும் பெரியவர்களில் பாதிப் பேர் கப்பலில்தான் வருகிறார்கள். உங்கள் பக்கத்தில் பேருக்கு ஒரு தோணிகூட இல்லை.

முதலில் அந்த சிவப்பு அங்கிக்காரரையே எடுத்துக்கொள்வோம். ஜூனியர் எஞ்சினியராக என் முதல் கப்பல் நவம்பர் நடுவில் ரோட்டர்டாமில் நின்றது. ஒரு சனிக்கிழமை கரைக்கு இறங்கினால், ஆற்றோரம் முழுக்கக் குழந்தைகள். கொஞ்ச நேரத்தில் ஒரு நீராவிப் படகு வந்தது. மேலே பிஷப் தொப்பியும் நீண்ட கோலுமாக ஒருவர் கை அசைத்துக்கொண்டு நின்றார். சிண்டர்கிளாஸ் என்றார்கள். ஒவ்வொரு வருடமும் ஸ்பெயினிலிருந்து கப்பலில் நெதர்லாந்துக்கு வந்து இறங்குவார். பிறகு வெள்ளைக் குதிரையில் சுற்றுவார். குழந்தைகள் ராத்திரி ஷூவை எடுத்துவைத்து, குதிரைக்காக அதில் ஒரு கேரட்டும் போட்டு வைப்பார்கள். டிசம்பர் 5 மாலை பெரிய பரிசுகள் வரும். அத்தோடு அவர் வேலை முடிந்தது. 25-ஆம் தேதிக்கு இன்னும் 20 நாள் இருக்கும்.

நான் பார்த்ததெல்லாம் அந்தப் படகின் புகைபோக்கியைத்தான். நிஜமாகவே கொதிகலன் ஓடுகிறதா, சும்மா புகை போடுகிறார்களா என்று. (நிஜம்தான் என்று இன்றும் நம்புகிறேன்.) ஸ்பெயின் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு கதை. ஏனென்றால் சிண்டர்கிளாஸின் மூலவரான புனித நிக்கோலஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற கடலோர ஊரின் பிஷப். நீராவிக் கப்பல் விஷயம் மட்டும் தெளிவானது. 1850-ல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய சிறுவர் புத்தகத்தில்தான் அவர் அதில் ஏறினார். அன்றைக்கு நீராவிக் கப்பல் என்றால் நேற்று வந்த நவீனம். இன்றைக்கு எழுதினால் ராக்கெட்டில் ஏற்றியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படகிலிருந்து முகமெல்லாம் கரி பூசிய உதவியாளர்கள் பத்துப் பேர் குதித்து இறங்கி, பையிலிருந்து மசாலா பிஸ்கட்டுகளை வாரி இறைத்தார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் நிறம் கரி பூசாமலே வந்த நிறம். ஒரு சின்னப் பையன் என்னிடம் ஓடிவந்து இரண்டு கையையும் ஏந்தி நின்றான். நானும் உதவியாளர்தான் என்று நினைத்துவிட்டான். அவன் அம்மா வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டு போனாள். பாக்கெட்டில் ஒரு மிட்டாயாவது வைத்திருக்கலாமே என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. மற்றதெல்லாம் கப்பலுக்குத் திரும்பிப் படுத்த பிறகுதான் உறைத்தது. கரி பூசுவதை எதிர்த்து அந்த நாட்டிலேயே பெரிய போராட்டங்கள் நடந்து, இப்போது பல ஊர்களில் கன்னத்தில் புகைக்கோடு மட்டும் இழுத்துக்கொள்கிறார்கள். நல்லது.

இதே சிண்டர்கிளாஸ்தான் டச்சுக்காரர்களோடு நியூயார்க்குக்குப் போய் சாண்டா கிளாஸ் ஆனார். எட்டு மான்கள் வந்தது 1823 டிசம்பரில் ஒரு அமெரிக்கச் செய்தித்தாள் கவிஞர் பெயர் போடாமல் வெளியிட்ட கவிதையில். ஆக, அவரைக் கப்பலிலிருந்து இறக்கி சறுக்குவண்டியில் ஏற்றியதில் பத்திரிகைக்காரர்களான உங்களுக்கும் பங்கு உண்டு. இருநூறு வருடமாகத் திருத்தம் போடவில்லை.

அடுத்தது கிரேக்கம். ஒரு டிசம்பரில் எங்கள் கப்பல் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழுதுபார்க்க ட்ரை டாக் ஏறியிருந்தது. சாயங்காலம் தெருவில் நடந்தால் சில ஜன்னல்களில் மரத்துக்குப் பதிலாக, விளக்கு சுற்றிய சின்னப் பாய்மரப் படகு. பழைய கிரேக்க வழக்கம் படகுதான், கிறிஸ்துமஸ் மரம் 1833-ல் அரசாள வந்த பவேரிய இளவரசர் ஓட்டோவின் ஆட்களோடு வந்து சேர்ந்தது என்று பட்டறை ஃபோர்மேன் சொன்னார். மரம் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் தெசலோனிகியின் அரிஸ்டாட்டில் சதுக்கத்தில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒளிக்கப்பலை நிறுத்துகிறார்கள். நிக்கோலஸ் அவர்களுக்கு மாலுமிகளின் காவல் தெய்வம். அவருடைய நாள் டிசம்பர் 6. பரிசு கொண்டுவருவது அவரில்லை, புனித வசிலியோஸ். அதுவும் ஜனவரி 1-ல். அன்றைக்கு வெட்டும் கேக்குக்குள் ஒரு காசை ஒளித்து வைத்திருப்பார்கள். ஃபோர்மேன் வீட்டிலிருந்து எங்களுக்கும் ஒரு கேக் வந்தது. காசு எங்கள் சமையல்காரர் துண்டில் இருந்தது, அவர் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டார்.

ஜனவரி 6 காலையில் பாதிரியார் துறைமுகத் தண்ணீரில் ஒரு சிலுவையை வீசி எறிவார். இளைஞர்கள் அந்தக் குளிரில் குதித்து நீந்தி அதை எடுப்பார்கள். சிலுவை தண்ணீரைத் தொட்டதும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் சங்கு ஊதும். கப்பல் சங்கைப் பற்றிக் கடைசியில் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஜனவரியின் ஐந்தாம் தேதி ராத்திரி ஸ்பெயினில் மூன்று ராஜாக்கள் வருகிற நேரம். ஸ்பானியக் குழந்தைகளுக்குப் பரிசு தருவது வழக்கமாக அவர்கள்தான். குழந்தைகள் ஜனவரி 6 விடியும்வரை காத்திருக்க வேண்டும். பார்சலோனாவில் ராஜாக்கள் ஒட்டகத்தில் வருவதில்லை. 1918-ல் கட்டிய சாண்ட்டா யூலாலியா என்ற மூன்று பாய்மரக் கப்பலில் வருகிறார்கள். மேயர் கரையில் வரவேற்று நகரத்தின் சாவியை ஒப்படைப்பார். எல்லா வீட்டுக் கதவும் திறக்க வேண்டுமே! எஞ்சின் வேலை பார்த்தவனுக்குப் பாய்மரத்தின் மேல் பெரிய மரியாதை இருக்காது. ஆனாலும் அந்தக் கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பிய விதத்தை வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

அந்தப் பகுதியில் ஒரு மரக்கட்டையும் பரிசு தரும். அதற்கு முகம் வரைந்து, தொப்பி மாட்டி, குளிருமென்று போர்வை போர்த்தி, நாள் தவறாமல் ஊட்டிவிட்டு, கடைசியில் பாட்டுப் பாடிக்கொண்டே குச்சியால் அடிப்பார்கள். கட்டை பரிசுகளைக் 'கழியும்'. எந்த வழியாக என்று உங்கள் பத்திரிகையில் எழுத முடியாது. எங்களுக்கு இதை விளக்கிய கப்பல் ஏஜென்ட், சுங்க அதிகாரியின் காதில் விழாமல் சன்னக் குரலில் சொன்னார்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், லெர்விக் ஊரில், ஜனவரி கடைசி செவ்வாய்க்கிழமை ராத்திரி வைக்கிங் கப்பல் ஒன்றைத் தீப்பந்தங்களோடு ஊர்வலமாக இழுத்துப்போய் எரிக்கிறார்கள். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டிய கப்பல். எங்கள் கப்பலில் இருந்த ஷெட்லாந்துக்காரர் இதைப் பெருமையாகச் சொன்னார். அவரை ஒரு வாரம் எஞ்சின் அறைப் பக்கம் வரவிடவில்லை.

பண்டிகை கொண்டாடும் விஷயத்தில் கடலில் இருப்பவர்களுக்கு குரு பிலிப்பைன்ஸ்காரர்கள். செப்டம்பர் 1 ஆனால் போதும், மெஸ்ஸில், அதாவது கப்பலின் சாப்பாட்டு அறையில், கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும். 'பெர்' என்று முடிகிற மாதம் பிறந்தாலே அவர்களுக்குப் பண்டிகைக் காலம்தான். நான் செகண்ட் எஞ்சினியராக இருந்தபோது ஸ்டோரில் சிவப்பு, பச்சை இண்டிகேட்டர் பல்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. கணக்கு உதைத்தது. டிசம்பர் நடுவில் ஒரு விடிகாலை மெஸ்ஸுக்குப் போனால் எல்லாப் பல்புகளும் அங்கே எரிந்துகொண்டிருந்தன. ஃபிட்டர் வெல்டிங் கம்பியை வளைத்து ஐந்து முனை நட்சத்திரம் செய்து, ஆயிலர் அதற்குக் கலர் பிளாஸ்டிக் ஒட்டி, இரண்டு பக்கமும் வால் தொங்கவிட்டிருந்தார். பரோல் என்பார்கள். அவர்கள் ஊரில் மூங்கிலும் காகிதமும் வைத்துச் செய்வது. ஸ்டோர் புத்தகத்தில் அந்தப் பல்புகளுக்கு எதிரே 'பயன்பட்டது' என்று எழுதினேன். பொய்யில்லையே.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் அவர்களுக்கு விடியுமுன் பூசை. வயலுக்குப் போகிறவர்கள் வேலைக்கு முன்பே வழிபட்டுப் போவதற்காக வந்த நேரம் அது. எங்களுக்கோ நாலு மணிக்கு வாட்ச், அதாவது வேலை முறை, மாறும். வாட்ச் முடித்து எண்ணெய்க் கையோடு மேலே வருகிறவர்களும், தூங்கி எழுந்து கீழே போகிறவர்களுமாகப் பத்து நிமிடம் அந்த நட்சத்திரத்தின் கீழ் நிற்பார்கள். பாதிரியார் கிடையாது. டெக் ஆட்களின் தலைவரான போசன் வாசிப்பார். நாங்கள் அப்போது பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். எஞ்சின் அறையில் 44 டிகிரி. இதுவும் 'குளிர்காலக் கொண்டாட்டம்'தான், ஆசிரியரே.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரே நாள்' என்பது சரியில்லை. ஈரானின் பந்தர் அப்பாஸில் நின்றபோது டிசம்பர் 20 ராத்திரி ஏஜென்ட் ஆபீஸ் பையன் ஒரு பை மாதுளையும் ஒரு தர்பூசணியும் கப்பலுக்குக் கொண்டுவந்தான். வருடத்தின் மிக நீண்ட இரவு, யல்டா. கோடைக்காலப் பழத்தை அன்றைக்குச் சாப்பிட்டு, ஹாஃபிஸின் கவிதைப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, வந்த பக்கத்தை வைத்துக் குறி பார்ப்பார்கள். 2022-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அது. கிட்டத்தட்ட அதே நாளில் பூசானில் நின்றிருந்தால், துறைமுக கேன்டீனில் சிவப்புப் பயறுக் கஞ்சி கிடைக்கும். அந்தச் சிவப்புக்குக் கெட்டது அண்டாது என்பது கொரிய நம்பிக்கை. ஒடெசாவில் நான் போன காலத்தில் ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். போருக்கு நடுவே 2023-ல் உக்ரைன் அதை டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டது. ரஷ்யாவில் இன்னும் ஜனவரி 7. எத்தியோப்பியாவிலும் அப்படியே.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் டிசம்பர் என்றால் கொளுத்தும் வெயில். கடற்கரையோரம் பொஹுட்டுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும், அதுதான் அவர்களின் கிறிஸ்துமஸ் மரம். அவர்களுடைய குளிர்காலப் பண்டிகை கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் விடியற்காலை மறுபடி தென்படும்போது வரும் மாட்டாரிகி. ஜூன் அல்லது ஜூலையில் வரும். 2022 முதல் அரசு விடுமுறை. உங்கள் பக்கத்தில் பாதி உருண்டையையே காணோம்.

பனி வேண்டும் என்றால் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு வாருங்கள். என் போட்டோ டப்பாவில் அந்த ஊர்ப் படம் ஒன்றுகூட இல்லை, கேமரா எடுக்கத் தோன்றவில்லை.

1917 டிசம்பர் 6. முதல் உலகப்போர். வெடிபொருள் ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் மோன் ப்ளாங் துறைமுகத்துக்குள் வருகிறது. நார்வேக் கப்பல் ஈமோ வெளியே போகிறது. குறுகலான இடத்தில் இரண்டும் உரசி மோதின. மோதிய வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மோன் ப்ளாங்கின் டெக்கில் பென்சோல் என்ற எரிபொருள் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. பொறி பட்டுத் தீப்பிடித்தது. சுமார் 20 நிமிடம் எரிந்தது. என்ன சரக்கு என்று கரையில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், குழந்தைகள் ஜன்னல் கண்ணாடியில் முகம் பதித்துப் பார்த்தார்கள். வின்ஸ் கோல்மன் என்ற ரயில்வே ஊழியர், தப்பி ஓடக் கிளம்பியவர், திரும்பிப் போய், வருகிற ரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தார். காலை 9 மணி 4 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. இறந்தவர்கள் 1,700-க்கும் மேல், அவரும் அதில் ஒருவர். கண்ணாடி சிதறிப் பார்வை போனவர்கள் ஏராளம். மறுநாள் பனிப்புயல்.

செய்தி கேட்ட பாஸ்டன் நகரம் அன்று இரவே டாக்டர்களையும் நர்சுகளையும் மருந்துகளையும் ஏற்றி ரயில் அனுப்பியது. புயலில் மாட்டித் திணறி அது வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் ஹாலிஃபாக்ஸ் நன்றிக்காக பாஸ்டனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் அனுப்பியது. 1971 முதல் ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலிருந்து வருடம் தவறாமல் ஒரு பெரிய மரம் போய்க்கொண்டிருக்கிறது. பாஸ்டன் காமன் பூங்காவில் அதை நிறுத்தி விளக்கேற்றுகிறார்கள்.

நாங்கள் அங்கே போனபோது டிசம்பர் முதல் வாரம். அந்தக் குறுகலைத் தாண்டும்போது எஞ்சினை மெதுவாக்கச் சொல்லி பிரிட்ஜிலிருந்து மணி வந்தது. மெதுவாக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கரைக்கு இறங்கி மேட்டில் இருக்கும் நினைவு மணிக்கூண்டுவரை நடந்தேன். டிசம்பர் 6, கிரேக்க மாலுமிகள் நிக்கோலஸைக் கும்பிடுகிற அதே தேதி.

அன்று மதியம் மாலுமிகள் நல மையத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து ஆளுக்கொரு ஷூ டப்பா கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே சோப்பு, பேனா, சாக்லேட், யாரோ கையால் பின்னிய ஒரு கம்பளித் தொப்பி. ஊருக்கெல்லாம் பரிசு கப்பலில் வருகிறது, கப்பலில் இருக்கிற எங்களுக்கு மட்டும் அது வேனில் வந்தது! அந்தத் தொப்பி இப்போதும் பீரோவில் இருக்கிறது. மனைவிக்கு இது நினைவிருக்கும், ஏனென்றால் இந்த வெயில் ஊருக்கு இது எதற்கு என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை என்பார்கள். ஆனால் சோவியத் யூனியனில் தடை செய்யப்பட்டிருந்த கிறிஸ்துமஸ் மரம், புத்தாண்டு மரமாகத் திரும்பி வந்ததே 1935 டிசம்பர் 28-ல் பிராவ்தா நாளிதழில் வெளியான ஒரு கடிதத்துக்குப் பிறகுதான். எழுதியவர் பாவெல் போஸ்டிஷெவ், கட்சித் தலைவர்களில் ஒருவர். நாலு வருடத்துக்குள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது வேறு காரணம். நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அடுத்த வருடம் அந்தப் பக்கத்தின் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீராவிக் கப்பல் போடுங்கள். மான்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், சங்கு விஷயம். டிசம்பர் 31 நள்ளிரவு யோகோஹாமாவில் கோயில்களில் 108 தடவை மணி அடிக்கும்போது, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் சேர்ந்தாற்போல் சங்கு ஊதும். சங்குக்கான காற்று எஞ்சின் அறையிலிருந்துதான் மேலே போகிறது. மூன்று தடவை அந்த நள்ளிரவில் நான் யோகோஹாமாவில் இருந்திருக்கிறேன். மூன்று தடவையும் கீழே, ஜெனரேட்டர் இரைச்சலில், காதில் அடைப்பானோடு. கேஜில் முள் லேசாக இறங்கி ஏறும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சீஃப் ஆன பிறகு நாலாவது தடவை வாய்த்தது. அன்றைக்கு டெக்கில் ஏறி நின்றேன். கைபேசியில் வீட்டைக் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் அதை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன். நாலா பக்கமும் சின்னதும் பெரிதுமாக நூறு சங்குகள். ஒரு நிமிடம் கழித்துக் காதில் வைத்தால் மனைவி கேட்கிறாள்:

"என்னங்க, ஒரே லாரி சத்தமா இருக்கு. நடு ரோட்டுலயா நிக்கிறீங்க?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர்

(பெயர் போட வேண்டாம். இண்டிகேட்டர் பல்புக் கணக்கைப் பழைய கம்பெனிக்காரர்கள் வாசித்துத் தொலைத்தால் வம்பு.)